கோபாலசிங்கத்தின் பத்து விரல்கள்

கோபாலசிங்கத்தின் விரல்கள் தேய்ந்துகொண்டு வருவதைக் கண்டுபிடித்தவர் அருளையாதான். பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, துணி சுற்றிப் பிடித்து நீட்டினார். கோபாலசிங்கம் அதை வெறும் விரல் நுனியால் வாங்கி, ஆறுதலாகக் கட்டில் விளிம்பில் வைத்தான். முகம் சுளிக்கவில்லை.

"உம்மடை கைக்கென்ன?"

"ஒண்டுமில்லை."

"காட்டும் பாப்பம்."

கோபாலசிங்கம் கையை மடிக்குள் ஒளித்தான். அருளையா மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். பத்து விரல் நுனியும் கரைந்துபோன சவர்க்காரத் துண்டு மாதிரி வழுவழுவென்று சிவந்திருந்தன.

"என்னத்தாலை தேய்ச்சனீர்?"

"மரம் தேய்க்கிற தாள். பிறகு உங்கடை படி கழுவுற அசிட்."

"என்ரை அசிட்டோ? அதுதான் போத்தில் இறங்கிக்கொண்டு போகுது. நான் மூடி சரியில்லையெண்டு கடைக்காரனோடை சண்டை பிடிச்சிட்டெல்லோ வந்தனான்."

அருளையாவுக்கு அறுபத்துநாலு வயது. இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்கு வந்து பதினாலு வருஷம். ஏழு மாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறார். வாரத்தில் மூன்று பின்னேரம் சீசா என்ற பகுதியில் தனியாக இருக்கிற ஒரு இத்தாலியக் கிழவியை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிறார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒன்றையும் இலகுவில் நம்பமாட்டார். மழை வரும் என்று வானொலி சொன்னால் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பார். வானம் கறுத்திருந்தாலும் கையை வெளியே நீட்டிப் பார்ப்பார்.

கோபாலசிங்கம் அவரோடு போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால் இருந்த ஓரறையில் தங்கியிருந்தான். நாற்பத்தைந்து வயது. 2003ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு கப்பல் அவனையும் இன்னும் எண்பது பேரையும் சிசிலியின் தெற்குக் கரையில் இறக்கிவிட்டது. பொலிஸ் பத்து விரலையும் கண்ணாடியில் அமத்தி எடுத்துவிட்டு, ஐந்து நாளில் நாட்டை விட்டுப் போ என்று ஒரு கடதாசி கொடுத்தது. ஐந்து நாள் ஒன்றரை வருஷமாகிவிட்டது. மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

இப்போது லண்டனுக்குப் போகப் போகிறானாம். பிரான்ஸ் வரை, களவாக ஆட்களைக் கொண்டுபோகிற ஏஜென்சிக்காரனின் வாகனம், அங்கிருந்து லொறி. லண்டனில் போய் அகதி கேட்டால் அவர்களும் விரலை வாங்குவார்கள். இத்தாலி மெசினில் ஏற்கெனவே விரல் கிடந்தால் திருப்பி இத்தாலிக்கே அனுப்பிவிடுவார்கள். அதற்குத்தான் இந்தத் தேய்ப்பு.

"லண்டனிலை என்ன பேர் சொல்லப் போறீர்?"

"விக்னராஜா."

"ஆர் அது?"

"ஒருத்தரும் இல்லை."

"அங்கை உமக்கு ஆர் இருக்கினம்?"

"தங்கச்சி. நான் சொன்னனான்தானே."

அருளையா தேத்தண்ணியைக் குடித்தார். அவன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியிருந்தான்தான். செல்வமலர் என்று பெயர், ஒன்பது வயதில் ஒரு பெட்டைப்பிள்ளை இருக்கிறது, லண்டனில் அகதிக் கார்ட் கிடைத்துவிட்டது. அதெல்லாம் சரி. ஆனால் தங்கச்சி வீட்டுக்குப் போவதற்காகத் தன் விரலை அசிட்டில் வைக்கிறவனை அவர் கேள்விப்பட்டதேயில்லை. பெண்சாதிக்காகக்கூட வைக்கமாட்டார்கள். அந்த யோசனை அவரை விடவில்லை.

அந்தக் கிழமைகளில் லண்டன் தமிழ் வானொலியில் வேறு கதையில்லை. அந்த நாட்டில் தேர்தல் வருகிறது. அகதிகளை என்ன செய்வது என்று வெள்ளைக்காரர்கள் அடிபட, அதைத் தமிழில் பிரித்துச் சொல்லி, நேயர்களைக் கூப்பிடச் சொல்லி, தமிழர்களும் தங்களுக்குள் அடிபட்டார்கள். வருஷத்துக்கு இத்தனை பேர்தான், அதற்கு மேல் கதவடைப்பு என்று ஒரு கட்சி சொல்கிறதாம். கார்ட் கொடுத்தாலும் இனி ஐந்து வருஷத்துக்குத்தான், பிறகு திருப்பிப் பார்ப்போம் என்று அரசாங்கம் சொல்கிறதாம்.

அருளையா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்பார். கோபம் வராது, புதினமாக இருக்கும். தன்னைப் போன்ற ஆட்களைப் பற்றி ஒரு முழு நாடே மேசையிலடித்துக் கதைக்கிறதே, அதில் ஒருவராவது ஒரு நாளாவது படி கழுவியிருப்பாரா என்று யோசிப்பார். கதவடைக்கிற அன்று எண்ணிக்கையில் கடைசியாக வந்தவனுக்கும் அவனுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கும் நடுவில் யார் கையை நீட்டி மறிப்பார், அந்த ஆளுக்கு அன்றிரவு நித்திரை வருமா என்றும் யோசிப்பார்.

ஹரோவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தான் எண்பத்தாறில் வந்தவராம். இப்போது வருகிறவர்கள் பொய்க் கேஸ் சொல்லி எங்கள் பெயரைக் கெடுக்கிறார்கள், கட்டுப்பாடு வேண்டியதுதான் என்றார்.

"பாரும்," என்றார் அருளையா. "பஸ்ஸுக்குள்ளை ஒரு கால் வைக்க இடம் கிடைச்ச உடனை, இனி ஆளேத்தாதை எண்டு டிரைவருக்குக் கத்துற ஆள் இவர்தான்."

கோபாலசிங்கம் சிரிக்கவில்லை. "திருப்பிப் பாப்பம்" என்ற இடத்திலேயே அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. அதையும் அருளையா கண்டார். தன் கேஸே இன்னும் தொடங்காதவன், கார்ட் கிடைத்தவர்களுக்கு வரும் சட்டத்துக்கு ஏன் பயப்படுகிறான்?

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சந்தையடியில் இருந்த டெலிபோன் கடைக்குப் போனார்கள். பலகை அடித்த மூன்று கூடுகள். நடுக்கூட்டு ரிசீவரில் அந்தப் பக்கத்துக் குரல் வெளியில் நிற்கிறவனுக்கும் கேட்கும். அதனால் யாரும் அதை விரும்புவதில்லை. அன்றைக்கு அதுதான் காலியாக இருந்தது. அருளையா வெளியே பலகையில் சாய்ந்து நின்றார். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நான் அண்ணை கதைக்கிறன்," என்றான் கோபாலசிங்கம்.

"ஓம் அண்ணை. சுகமோ?" என்றது ஒரு பெண் குரல்.

"சுகம். பிள்ளை?"

"மாமா," என்றது சின்னக் குரல். "எனக்கு நேற்று ஸ்விம்மிங்."

"அப்பிடியோ. சாப்பிட்டியோ?"

"ஓம். நான் ஃபுல் லெங்த் நீந்தினனான்."

"கெட்டிக்காரி. சாப்பிட்டியோ?"

"இப்பதானே சொன்னனான் மாமா."

கூட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தவன் சேர்ட் கையால் கண்ணையும் மூக்கையும் துடைத்தான். மீன் கடைகளைத் தாண்டும் வரை அருளையா பொறுத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"அது உம்மடை தங்கச்சியில்லை."

கோபாலசிங்கம் நின்றான். வாளைமீனை வளைத்து அடுக்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தபடி, "என்ரை மனிசி," என்றான். "பிள்ளையும் என்ரைதான். லக்ஷனா."

பிறகு நடந்துகொண்டே சொன்னான். இரண்டாயிரத்தில் அவனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. செல்வமலர் பிள்ளையோடு கொழும்புக்கு வந்து, ஒரு ஏஜென்சி மூலம் லண்டன் போனாள். அந்த ஏஜென்சிக்காரன் எல்லாருக்கும் கேஸ் எழுதிக் கொடுக்கிறவன். புருஷன் செத்துப்போனான், நான் விதவை என்று சொல்லு, கட்டாயம் கார்ட் தருவார்கள் என்று அவளுக்கும் எழுதிக் கொடுத்தானாம். கார்டும் கிடைத்தது. அடுத்த வருஷம் சமாதானம் வர, ஆமி இவனை விட்டுவிட்டது. தேடிப் போனபோது ஏஜென்சிக்காரன் சொன்னான்: லண்டனில் நீ செத்த ஆள், உயிரோடை இருக்கிறதாகக் காட்டிக்கொள்ளாதே, டெலிபோனையெல்லாம் ஒட்டுக்கேட்பார்கள்.

"அதாலை அண்ணை ஆயிட்டீர்."

"ஓம். என்ரை சொந்தப் பேரோடை நான் போய் நிண்டால் அவ பொய் சொன்னவ எண்டு ஆகும். இப்ப பழைய ஃபைல் எல்லாம் திருப்பிப் பாக்கப் போறாங்களாம். கார்ட்டைப் பறிச்சுப்போட்டுத் தாயையும் பிள்ளையையும் ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள். விக்னராஜா எண்டு போனால் பக்கத்திலையாவது இருக்கலாம்."



புதன்கிழமை பின்னேரம் அதே வானொலியில் ஒரு வழக்கறிஞர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அருளையா வழக்கறிஞர்களையும் நம்புகிறவரல்ல. ஆனால் நூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கப் பொய் சொல்வது தனியறையில் சொல்வதைவிடக் கஷ்டம் என்று நினைத்தார். டெலிபோன் கடைக்குப் போய் நம்பரை அமத்தினார். பெயர் கேட்டார்கள். ஜோக்கிம் என்றார். எங்கேயிருந்து என்றார்கள். நோர்வே என்றார்.

"ஜோக்கிம் ஐயா, அங்கை இப்ப எப்பிடிக் குளிர்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

அருளையா இதை எதிர்பார்க்கவில்லை. வெளியே ஆபிரிக்காப் பக்கத்துக் காற்று புழுதியை அள்ளி வீச, கழுத்தால் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. "குளிருது," என்றார். "இப்ப கேள்வியைக் கேக்கலாமோ?"

கேட்டார். ஒருத்திக்கு லண்டனில் அகதிக் கார்ட் இருக்கிறது. அவளுடைய புருஷன் இத்தாலியில் கடதாசி இல்லாமல் இருக்கிறான். விரலும் எடுத்துவிட்டார்கள். அவன் களவாகத்தான் போகவேண்டுமா?

"ஏன் களவாகப் போகவேணும்?" என்றார் வழக்கறிஞர். "அவர் இத்தாலியிலையே போய் அகதி கேக்கட்டும். மனிசிக்கு லண்டனிலை அகதி அந்தஸ்து இருந்தால், ரெண்டு பேரும் விரும்பினால், அவற்றை கேஸை லண்டன்தான் பொறுப்பெடுக்க வேணும். அது ஐரோப்பா எல்லாத்துக்கும் போட்ட சட்டம். ஆனால் சொந்தப் பேர், சொந்த விரல். மனிசியின்ரை ஃபைலிலை இவர் புருஷன் எண்டு இருக்கவேணும்."

"செத்துப் போனார் எண்டு இருந்தால்?"

"அது சிக்கல் ஐயா," என்றார் வழக்கறிஞர்.

இரவுச் சாப்பாட்டில் அருளையா அப்படியே எல்லாவற்றையும் சொன்னார். கோபாலசிங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"நான் சொன்னன்தானே. செத்த ஆளுக்குக் கதவில்லை."

"செத்ததெண்டு எழுதின கடதாசியை நீர் கண்டனீரோ?"

"நான் எங்கை காணுறது?"

"அவ சொன்னவவோ?"

"உதை எப்பிடி அண்ணை போனிலை கேக்கிறது?"

"மூண்டு வருஷம் கதைக்கிறீர், ஒருநாளும் கேக்கேல்லை." அருளையா கையைக் கழுவப் போனார். "ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பியிருக்கிறீர். நான் அவங்கள் பகல் எண்டு சொன்னால் லைட்டைப் போட்டுப் பாக்கிற ஆள்."

அடுத்த ஞாயிறு நடுக்கூட்டுக்குள் அருளையா போனார். கோபாலசிங்கம் வெளியே நின்றான். ரிசீவரை வாங்கித் தானே பேச அவனுக்குத் தைரியம் வரவில்லை. செல்வமலர் எடுத்தாள்.

"பிள்ளை, நான் உன்ரை மனிசனோடை ஒரே அறையிலை இருக்கிற அருளையா. ஒட்டுக்கேக்கிறவன் கேக்கட்டும். நீ அங்கை கேஸ் குடுக்கேக்கை உன்ரை மனிசன் செத்துப்போனார் எண்டு எழுதிக் குடுத்தனியோ?"

"அவர் பக்கத்திலையோ நிக்கிறார்?" என்றாள்.

"நிக்கிறார். கேக்குதுதான். சொல்லு."

"அப்பிடித்தான் சொல்லச் சொல்லி எழுதித் தந்தவங்கள். பொட்டை அழி, தாலியைக் கழட்டி பேக்குக்குள்ளை வை எண்டவங்கள். காலமை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு நெத்தியிலை கையை வைச்சன். ஏலாமல் போச்சுது. ஆள் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது, நானே ஏன் அழிப்பான்? பொட்டோடை, தாலியோடை போய் இருந்திட்டன். அப்பிடி இருந்துகொண்டு எந்த வாயாலை அண்ணை அவர் செத்துப்போனார் எண்டு சொல்லுறது?"

"அப்ப என்ன சொன்னனீ?"

"விசாரிச்சது ஒரு வெள்ளைக்காரி. உன்ரை கணவன் எங்கை எண்டு கேட்டா. ஆமி கொண்டு போனது, பிறகு தெரியாது எண்டன். இருக்கிறார் எண்டு நினைக்கிறியோ எண்டா. ஓம், அதாலைதான் இது நெத்தியிலை இருக்கு எண்டன். அதையும் எழுதினவ. அவற்றை பேர், பிறந்த திகதி, கலியாணப் படம் எல்லாம் குடுத்தனான். காப்பி என்னட்டை இருக்கு."

"பிறகேன் புருஷனை அண்ணை எண்டு கூப்பிடுறாய்?"

"அவர்தானே முதல்நாள் எடுத்த உடனை அண்ணை கதைக்கிறன் எண்டவர். அவற்றை பக்கம் ஏதோ ஆபத்து, வெளியிலை சொல்லக்கூடாதாக்கும் எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன். பிள்ளைக்கும் மாமா எண்டு பழக்கினன்."

அருளையா ரிசீவரைக் கூட்டுக்கு வெளியே நீட்டினார். அங்கே ஆளில்லை. கோபாலசிங்கம் கடை வாசலில், வாழைக்காய்ப் பெட்டியின் மேல் குந்தியிருந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை, வெளிநாட்டுக்காரரின் கடதாசிகளைப் பார்க்கிற குவெஸ்தூராக் கந்தோருக்குப் போனார்கள். விடியமுன் போய் வரிசையில் நின்றும் உள்ளே போகப் பதினொரு மணியாகிவிட்டது. தாடி வைத்த ஒரு அலுவலர் பெயரை எழுதினார், அகதி கேட்பதாக எழுதினார், மனைவி லண்டனில் என்றும் எழுதினார். கண்ணாடியைக் காட்டி விரலை வைக்கச் சொன்னார். மெசின் சிவப்பு லைட் போட்டது. ஈரத் துணியால் துடைத்து வைத்தார்கள். சிவப்பு. பத்து விரலுக்கும் சிவப்பு.

அலுவலர் கையைத் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை, அலுத்துக்கொண்டார். "லோந்ரா," என்றார். லண்டனுக்குத்தானே தேய்த்தாய் என்ற அர்த்தம். தினமும் இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறாராம்.

அருளையா முன்னுக்குப் போய்த் தன் கையை மேசையில் விரித்தார். தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார்: இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெர்மெசோவை, இங்கே இருக்கிற அனுமதிக் கடதாசியை, புதுப்பிக்க வந்தபோது என் விரலையும் இதே மெசின் வாசிக்கவில்லை. எனக்குப் படி கழுவுகிற வேலை, அசிட். உங்கள் ஆள் ஒருவர் இருபது நாள் கையுறை போட்டுக்கொண்டு வா என்றார். வந்தேன். வாசித்தது. இவனுக்கும் அந்த இருபது நாளைக் கொடு.

அலுவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபது நாள். அதுக்குப் பிறகும் இப்படி வந்தால் கேள்வியை நான் கேட்கமாட்டேன், பொலிஸ் கேட்கும்."

"திகதியைக் கடதாசியிலை போட்டு சீல் குத்தித் தா," என்றார் அருளையா. கிடைக்கும் வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

சீசாச் சிஞ்ஞோராவிடம் மருந்துப் பெட்டி வாசிக்கிற பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. அருளையா அதைக் கேட்டு வாங்கி வந்தார். கோபாலசிங்கத்தைக் கோப்பை கழுவ விடவில்லை. மொண்டெல்லோக் கடையில் மேசை துடைக்க மாற்றிக்கொண்டான். ஒவ்வொரு பின்னேரமும் ஜன்னலடியில் பத்து விரலையும் பார்ப்பார்கள். முதல் நாலு நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் வலது மோதிர விரலில், மணலில் காற்று கீறினது போல மெல்லிசாக ஏதோ தெரிந்தது. ஒன்பதாம் நாள் அது கோடு.

"பழைய கோடுதானோ, புதுசோ?" என்று கேட்டான் கோபாலசிங்கம். "புதுசு எண்டால் நான் வேறை ஆள் ஆயிடுவன்."

"என்ரை பழசுதான் வந்தது. பழைய கடதாசியோடை வைச்சுப் பாத்தவங்கள்."

சொன்னாரே தவிர, அருளையாவுக்கும் அது விளங்கவில்லை. தேய்த்து எறிந்த தோலில் இருந்த வளையம், உள்ளேயிருந்து வருகிற தோலுக்கு எப்படித் தெரியும்? யார் அதற்குச் சொல்லிக் கொடுக்கிறார்? அவர் தன் விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் சுழிதான். ஆனால் ஒன்று இடப்பக்கம் சுற்றியது, மற்றது வலப்பக்கம்.

பன்னிரண்டாம் நாள், லண்டன் பயணத்துக்குப் பேசியிருந்த ஏஜென்சிக்காரன் கோபாலசிங்கத்தின் கைபேசிக்கு எடுத்தான். நாளைக்குக் காலமை வாகனம். ஒரு இடம்தான். இதை விட்டால் தேர்தல் முடிந்து கரையெல்லாம் இறுக்கிவிடுவார்கள்.

கோபாலசிங்கம் கைபேசியைப் பொத்திக்கொண்டு அருளையாவைப் பார்த்தான். "என்ன அண்ணை செய்யிறது? சட்டம் எண்டு றேடியோவிலைதானே சொன்னவங்கள். மெசின் வாசிக்காட்டில்? லண்டன் ஏலாதெண்டால்?"

"எனக்குத் தெரியாது," என்றார் அருளையா. "நான் உவங்கள் ஒருத்தரையும் நம்பேல்லை. உம்மடை மனிசி சொன்னதை மட்டும் நம்புறன். மிச்சம் உம்மடை பாடு."

கோபாலசிங்கம் தன் வலது மோதிர விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கைபேசியைக் காதில் வைத்தான்.

"விக்னராஜா வரேல்லை," என்றான்.

இருபதாம் நாள் அதே அலுவலர், அதே கண்ணாடி. வலது கை ஐந்தும் பச்சை. இடது கையில் நாலு பச்சை. சின்ன விரல் சிவப்பு. அலுவலர் தானே விரலைப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மெதுவாக உருட்டினார். பச்சை.

கம்பியூட்டர் யோசித்தது. பிறகு ஒரு படம் வந்தது: கலைந்த தலை, நனைந்த சேர்ட், 2003ஆம் ஆண்டு ஐப்பசி. கீழே பெயர் கோபாலசிங்கம். ஒன்றரை வருஷமாக எந்த விரலுக்குப் பயந்து ஒளித்தானோ, அது இவன் இவன்தான் என்று சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. அலுவலர் படத்தையும் ஆளையும் பார்த்துத் தலையாட்டினார். செல்வமலர் அனுப்பிய காப்பிகளை வாங்கினார். லண்டனைக் கேட்டு எழுதுவோம், பதில் வர மாதங்கள் எடுக்கும், அதுவரை இந்தக் கடதாசியோடு இருக்கலாம் என்றார். அருளையா கடதாசியை வாங்கி, தலைகீழாகவும் ஒருமுறை பார்த்து, சீல் இருக்கிறதா என்று தடவினார். இருந்தது.

நேரே டெலிபோன் கடைக்குப் போனார்கள். மூன்று கூடும் காலி. கோபாலசிங்கம் நடுக்கூட்டுக்குள்ளேயே போனான். பிள்ளைதான் எடுத்தது.

"ஹலோ. மாமாவோ?"

அவன் வாயைத் திறந்தான். அருளையா பலகையில் தட்டினார்.

"நான்..." என்றான் கோபாலசிங்கம். "நான் அப்பா கதைக்கிறன்."

ரிசீவருக்குள் ஒரு டிவிச் சத்தம் மட்டும் கேட்டது. அதையும் யாரோ குறைத்தார்கள்.

"சாப்பிட்டிட்டன்," என்றது பிள்ளை, அவன் கேட்க முதலே.